வளைவில் வாசித்த ஆறு எண்கள்

காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு பிரவீன்குமாரிடமிருந்து போன் வரும். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்து மலைப்பாதையின் கடைசி வளைவுகளில் ஒன்றைத் திரும்பும்போது, கீழே அணைத் தண்ணீர் தெரிகிற இடத்தில், இரண்டு நிமிடம் சிக்னல் கிடைக்கும். அதற்கு முன்பும் கிடையாது, பிறகும் கொஞ்ச தூரத்துக்குக் கிடையாது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அவன் தன் போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு எண்களை வாசிப்பான். நான் அவனுடைய லேப்டாப்பில் அவற்றைத் தட்டுவேன். திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் இருக்கும் சின்னப் பூட்டு பச்சையாகும். அலுவலகத்தைப் பொறுத்தவரை அவன் ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துவிட்டான். பேருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகும்.

"பஸ்ல இருக்கறவங்க நான் ஏதோ லாட்டரி நம்பர் சொல்றேன்னு நெனச்சிக்கினு இருக்காங்கக்கா," என்று ஒருநாள் சொன்னான். "கண்டக்டரு, எனக்கும் ஒண்ணு சொல்லுய்யான்றாரு."

நாங்கள் இருவரும் சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தோம். பல ஊர் மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பது அதன் தொழில். நான் காப்பீட்டுப் படிவங்கள் பார்க்கும் பிரிவு. என் திரையில் பெயர்கள் வராது, எண்கள் மட்டும்தான். பிரவீன் டிஸ்சார்ஜ் குறிப்புகள் பார்க்கும் பிரிவு. அவன் திரையில் பெயர், வயது, ஊர், நோய் எல்லாம் வரும். வீட்டிலிருந்து வேலை என்பதால் இருவருமே வி.பி.என். வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் சந்தியா அதை எங்களுக்கு விளக்கினார். உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு குழாய் போட்டதுபோல, நடுவில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது என்றார். பாஸ்வேர்டும் அந்த ஆறு எண்களும் உங்கள் கைரேகை மாதிரி, யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

குழாயின் இந்த முனை கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், என் அத்தாவின் பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே நிறம் கலக்கும் இயந்திரம் குலுங்கினால் எங்கள் மேசையும் குலுங்கும். டர்பன்டைன் வாசனைக்கு மூக்கு பழகிவிட்டது. பிரவீனின் ஊரில் பலமாகக் காற்று அடித்தாலே மின்சாரம் போய்விடும். இணைய வசதி கிடையாது. அதனால் அவன் எங்கள் இணைப்பிலேயே வேலை செய்ய நிறுவனம் எழுத்தில் அனுமதி கொடுத்தது. லேப்டாப்பை மாடியில் வைத்துவிட்டு மாலைப் பேருந்தில் மலையேறுவான், காலையில் இறங்குவான். அவன் அப்பா சின்னராசு சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் இவன்தான்.

ஜூனில் அதிகாலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பேருந்து வந்து சேரும்போது ஒன்பதே முக்கால். ஷிப்ட் ஒன்பதுக்கு. நான்கு நாள் தாமதமானதும் சந்தியா எச்சரித்து மெயில் அனுப்பினார். ஐந்தாம் நாள் அவன், பாஸ்வேர்டைத் தருகிறேன், நான் வரும்வரை என் லேப்டாப்பைத் திறந்து வைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டான். தப்பில்லையா என்றேன்.

"பஸ்ல துண்டு போடற மாதிரிதானேக்கா," என்றான். "நான் வர்ற வரைக்கும் என் சீட்டுக்கு ஒரு அடையாளம். அதுல யாரு உக்காரப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டி நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டுகள் உள்ளே விழும். ஓர் ஆள் நாலு பேருக்குப் போடுவான். மூட்டை ஏற்றப் போனவன், டீ குடிக்கப் போனவன், இன்னும் வந்தே சேராதவன், எல்லோருக்கும் இடம் காத்திருக்கும். எவ்வளவு கூட்டம் நெரித்தாலும் துண்டு கிடக்கும் இருக்கையில் யாரும் உட்காரமாட்டார்கள். சண்டை வந்துகூட நான் பார்த்ததில்லை.

இந்த ஊரில் அந்த வழக்கத்தை மீறிய முதல் ஆள் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

*

என் தங்கை அத்தியாவுக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை நிஷாத் நெடுஞ்சாலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சுபைர் மாமாதான் வரனைக் கொண்டுவந்தார். பேச்சு நன்றாகப் போயிற்று. அத்தியாவும் நிஷாத்தும் பெரியவர்களுக்குத் தெரிந்தே போனில் பேச ஆரம்பித்தார்கள். அப்போது யாரோ அத்தாவிடம், அந்தப் பையன் போன வருஷம் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தானே என்று சொல்லிவிட்டார்கள். அத்தா கேட்டதற்கு மாமா, சின்ன விபத்து, தலையில் லேசான அடி, இப்போது சிங்கம் மாதிரி இருக்கிறான் என்றார். சொல்லும்போது அவர் அத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்படி எங்கோ பார்த்துச் சொன்ன ஒரு பதிலை நம்பித்தான் என்னை ரியாசுதீனுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு மாத்திரைப் பழக்கம் இருந்தது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று, அங்கிருந்து வெளியே வர இன்னும் ஒன்பது மாதம். நான் திரும்பி வந்த அன்று அத்தா, விசாரிக்காமல் கொடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமலேயே ஆறு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை. பிரவீன் வளைவிலிருந்து ஆறு எண்களை வாசித்தான். பூட்டு பச்சையானது. வழக்கமாக அதோடு நான் என் மேசைக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. அந்தச் சேலம் மருத்துவமனையின் குறிப்புகள் பிரவீனின் பிரிவுக்குத்தான் வருகின்றன என்பது எனக்குத் தெரியும். திரையின் மேலே ஒரு தேடும் கட்டம் இருந்தது. ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அத்தா யாரிடமோ சுவர் எத்தனை சதுரடி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெயரையும் ஊரையும் தட்டினேன்.

ஒரே ஒரு பதிவு. தலைக்காயம், அதைத் தொடர்ந்து வலிப்பு, இரண்டு முறை. மருந்தின் பெயர், அளவு. மூடிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் ஏதோ கெட்டது செய்ததாக அப்போது தோன்றவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். தங்கையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். ஒன்பதே முக்காலுக்கு பிரவீன் வந்து, துண்டால் முகத்தைத் துடைத்து அதை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்தான்.

ஆபீஸில் ஒருவர் மூலம் தெரிந்தது என்று அத்தாவிடம் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. மாமாவிடம், வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மாமா மூன்று தடவை வந்து காரணம் கேட்டார். மூன்றாம் தடவை அத்தாவால் அடக்க முடியவில்லை. வலிப்பு இருக்கிறவனுக்கா பெண் கேட்டு வந்தாய் என்று கடையில் ஆட்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டார். அது அன்றைக்கே உளுந்தூர்பேட்டைக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கும் வீட்டில் நாலு பேருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம் கள்ளக்குறிச்சிக்கு எப்படி வந்தது என்று நிஷாத்தின் அண்ணன் சேலத்துக்கே போய்க் கேட்டார். எழுத்தில் புகார் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பிரவீனின் திரை மூடிக்கொண்டது. பூட்டு சாம்பலானது. கரண்ட் போய்விட்டதா என்று நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றிக்கொண்டிருந்தது.

சந்தியா அவன் போனுக்கே கூப்பிட்டார். நான் கேட்டது அவன் பக்கத்துப் பேச்சை மட்டும்தான். ஆமாங்க மேடம். இல்லிங்க மேடம். எனக்குத் தெரியாதுங்க மேடம். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னான். போனை வைத்தான். கீழே இயந்திரம் ஒரு டப்பாவைக் குலுக்கி முடித்து, இன்னொன்றைக் குலுக்க ஆரம்பித்தது.

"என் ஐ.டி.யில யாரையோ தேடி இருக்காங்களாம்," என்றான் கடைசியில். "புதன்கிழமை, ஒம்போது பன்னண்டுக்கு."

நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் கச்சிராயபாளையத்துக்கே வந்து சேரலக்கா."

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வேளையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். நிறுவனத்துக்கு மட்டும் அது தெரிய வழியில்லை. அவனும் நானும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து போகிறோம், அது அனுமதிக்கப்பட்ட இணைப்பு, லேப்டாப் அவனுடையது, எண்கள் அவன் போனில் வந்தவை. எல்லாமே சரியாக இருந்தன. குழாயில் எங்கேயும் ஓட்டை இல்லை.

அவன் துண்டை எடுத்து, ஈரமில்லாத முகத்தைத் துடைத்தான்.

"கோடு நம்பர யாருக்கினா குடுத்தியான்னு கேட்டு மெயில் வரும், பதில் எழுதுன்னாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வீடியோவுல விசாரணை." என்னைப் பார்த்தான். "இன்னா எழுதட்டும்க்கா?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டான். நான் அதன் வழியாகப் போகவில்லை.

"உனக்கு இன்னா தோணுது?" என்றேன்.

 மெயில் வந்ததும் போனை எடுத்துப் பதில் எழுதினான். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினான். 'என் எண்களை யாருக்கும் கொடுக்கவில்லை.' அனுப்பிவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், மாலைப் பேருந்து வரும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். மத்தியானம் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டைச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிவைத்தான். அவன் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

*

அன்று மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அத்தியா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வரன் முறிந்ததிலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, உன் நல்லதுக்குத்தான் செய்தேன், வலிப்பு என்றால் சும்மாவா என்று ஆரம்பித்தேன். அவளுக்கு விளக்குவதாக நினைத்து எனக்கே விளக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

புரியாமல் பார்த்தேன்.

"மூணாவது தடவ பேசும்போதே அவரு சொல்லிட்டாரு. அடிபட்டப்ப ரெண்டு தடவ வந்துச்சாம். ஒரு வருசமா இல்லியாம். மாத்திர சாப்ட்டுக்கினு இருக்காரு." உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். "அத்தாகிட்ட நானே வந்து சொல்றேன்னாரு. பெருநாள் கழிச்சி வர்றதா இருந்தாரு."

"நீ ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

"அது அவரு ஒடம்பு. அவருதானே சொல்லணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் கண்ணில் பட்டதால் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

*

மறுநாள் எட்டு ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. எடுத்தேன். அவன் ஐ.டி. பூட்டப்பட்டிருந்தது. வாசிக்க எண்கள் இல்லை, தட்ட இடமும் இல்லை. பேருந்து கியர் மாற்றும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். எங்கேயோ ஓர் ஆடு கத்தியது. அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே இருந்து, பிறகு சிக்னல் தானாக அறுந்தது.

அவன் பழக்கத்தில் கூப்பிட்டானா, எனக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பதினோரு மணிக்கு அவன் தன் போனை மேசைமேல் ஒரு பெயின்ட் டப்பாவில் சாய்த்துவைத்தான். திரையில் சந்தியாவும், பாதுகாப்புப் பிரிவு என்று அறிமுகம் செய்துகொண்ட ஒருவரும் இருந்தார்கள். அந்த மனிதர் நிதானமாகப் பேசினார். மருத்துவமனை இதில் கடுமையாக நிற்கிறது. ஐ.டி. யாருடையதோ அவர்தான் பொறுப்பு. எண்களைப் பகிரவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆகவே தேடியது நீங்கள்தான். வேலை போவதோடு இது முடியாது, நோயாளி விவரத்தைத் திருடியதாகப் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நோயாளியை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பிரவீன் தெரியாது என்றான். தெரியாத ஆளை எதற்குத் தேடினீர்கள் என்றார். பிரவீன் தலையைக் குனிந்துகொண்டான். உங்கள் ஊரில் இதற்கு ஏதாவது பணம் கொடுத்தார்களா என்று அவர் கேட்டபோது, 'உங்கள் ஊர்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். மலையிலிருந்து வருகிறவன், அதனால் இருக்கும் என்பது அந்தச் சொல்லில் இருந்தது. பிரவீனின் காது சிவந்தது.

வேலை போவது ஒன்று. திருடன் என்று எழுதிவைத்துவிட்டால், எந்த நிறுவனமும் இனி அவனை உள்ளே விடாது. போலீஸ் வெள்ளிமலைக்குப் போய், சின்னராசுவின் மகன் எந்த வீடு என்று கேட்கும்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தியா என் பெயரைச் சொல்லி, மஹ்ஜபீன், இது தனி விசாரணை, நீங்கள் வெளியே இருங்கள் என்றார்.

"அது நான்தான் மேடம்," என்றேன்.

திரையில் இருவரும் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு சந்தியா, இது பதிவாகிறது, தெரிந்து பேசுங்கள் என்றார். தெரியும் என்றேன். தங்கையின் வரன், தேடிய பெயர், ஒன்பது பன்னிரண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது ஓர் அக்கா செய்த காரியமாகக் கேட்காமல், ஒருத்தர் இன்னொருத்தரின் உடம்பை அவர் இல்லாத நேரத்தில் திறந்து பார்த்த காரியமாக என் காதிலேயே விழுந்தது.

அந்த மனிதர் பிரவீனிடம் திரும்பினார். அப்படியானால் அந்த எண்களைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். நேற்று எழுதியதையே அவன் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் எப்படியோ எண்களைத் திருடினேன் என்று சொல்லி வேலையைக்கூடக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். எனக்கும் அந்தக் கணத்தில் அது தோன்றியது. அவன் அப்படிச் சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். 

"குடுத்தேங்க," என்றான். "ஜூன்லேர்ந்து. நாந்தான் குடுத்தேன்."

இருவருக்கும் அன்றோடு வேலை முடிந்தது. லேப்டாப்புகளை இரண்டு நாளில் அனுப்பிவிட வேண்டும். போலீஸ் புகார் என்மேல் போகும். பிரவீன்குமார் விதியை மீறினார், திருடவில்லை என்று கடிதத்தில் எழுதுவதாகச் சந்தியா சொன்னார். குரல் கறாராகத்தான் இருந்தது. கடைசியில் மட்டும், பேருந்து மாறியதை என்னிடம் சொல்லியிருந்தால் ஷிப்டைப் பத்துக்கு மாற்றியிருப்பேனே என்றார். அப்படிக் கேட்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அழைப்பு முடிந்ததும் பிரவீன் சார்ஜரைச் சுருட்டினான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய்.

"நேத்தே சொல்லி இருக்கலாம்க்கா," என்றான். "நான் அந்தப் பொய்ய எழுதறதுக்கு முன்னாடி."

படியிறங்கிப் போய்விட்டான். திரும்பியபோது அத்தியா கதவோரத்தில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவள் கையில் போன் இருந்தது. நிஷாத்தை நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்றாள். இனி எடுப்பாரா என்று என்னிடம் கேட்பதுபோல ஒரு கணம் நின்றாள். பிறகு அவளும் போய்விட்டாள்.

பிரவீன் தன் துண்டை நாற்காலியிலேயே விட்டிருந்தான். நாலரை மணிக்கு அதை மடித்து எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். சாலையைத் தாண்டும்போதே வெள்ளிமலை வண்டி உள்ளே திரும்பியது. கூட்டம் ஓடியது. ஜன்னல்களில் துண்டுகளும் பைகளும் விழத் தொடங்கின. பிரவீன் தூரத்தில், டீக்கடை ஓரமாக நின்றிருந்தான். போடுவதற்கு அவனிடம் எதுவும் இல்லை, ஓடவும் இல்லை.

நான் இதற்கு முன் அதைச் செய்ததில்லை. வண்டியோடு நாலு அடி நடந்து, கையை நீட்டி, ஒரு ஜன்னல் வழியாக அவன் துண்டைப் போட்டேன். இருக்கையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற மூட்டைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பிரவீன் பார்த்தான். கூட்டம் ஏறி முடித்த பிறகு கடைசியாக ஏறினான். வண்டிக்குள் நிற்க இடமில்லை. அந்த ஓர் இருக்கை மட்டும் துண்டோடு காலியாக இருந்தது. அவன் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். பின்னால் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் ஏதோ சொன்னான். அவள் உட்கார்ந்தாள். அவன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் நின்றான். வெள்ளிமலை வரைக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம்.